ஒரு வாசகியின் கடிதம் தேவை

ஆம்பூர்ல அப்ளிகேஷன்னா கவுஸ் பாஷா கடைதான். நானே சொல்லிக்கக் கூடாது, ஆனா வேற எவன் சொல்லப் போறான்? ஒரு ஜெராக்ஸ் மிஷின், ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். பதினஞ்சு வருஷமா இதை வச்சிக்கினு இந்த ஊர்ல பாதிப் பேரை நர்சிங்குக்கும் பாலிடெக்னிக்குக்கும் போலீஸ் வேலைக்கும் அனுப்பினவன் நான். சாதிச் சான்றா, வருமானச் சான்றா, ரேஷன் கார்டுல பேர் எடுக்கணுமா, எல்லாத்துக்கும் நம்ம கடை. அப்பேர்ப்பட்ட என்னை ஒரே ஒரு அப்ளிகேஷன் நாலு நாள் பேஜார் பண்ணிச்சு. தப்பு என் மேலதான். முதல்லயே ஒத்துக்கறேன், அப்புறம் கடைசியில வந்து என்னைத் திட்டாதீங்க.

எங்க வீட்டுக்கு நாலாவது வீடு எழிலரசி வீடு. புள்ளைங்க போடற ஷூ தைக்கிற கம்பெனியில செக்கிங் வேலை. காலையில எட்டரைக்கு நின்னா சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் நின்னபடிதான். ஷூ கைக்கு வந்ததும் டியூப்லைட் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்ப்பா. தோல்ல கீறலா, தையல் தப்பியிருக்கா, பசை வழிஞ்சிருக்கா. அப்புறம் ரெண்டு விரலை உள்ள விட்டுத் துழாவுவா. உள்துணி மடிஞ்சிருந்தா எங்கயோ ஜெர்மனியில ஒரு புள்ளைக்குக் கால் கொப்புளிச்சிடும். எங்க தப்பு இருக்கோ அங்க செவப்புல ஒரு குட்டி அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவா. அம்பு ஒட்டின ஜோடி பொட்டிக்குள்ள போகாது. கப்பல் நாளைக்குக் கிளம்புதுன்னு சூப்பர்வைசர் கையெடுத்துக் கும்பிட்டாலும் போகாது. அவ்ளோ அழுத்தக்காரி.

போன ஜனவரியில ஒரு ஞாயித்துக்கிழமை போனை நீட்டிக்கினு கடைக்கு வந்தா.

“பாய், இதைக் கொஞ்சம் பாருங்க. இங்கிலீஷ்ல இருக்குது. நான் புரிஞ்சிக்கினது சரியான்னு சொல்லுங்க.”

பார்த்தேன். பெங்களூர்ல ஒரு யுனிவர்சிட்டி. குழந்தைங்களுக்கும் பதின்வயசுப் பசங்களுக்கும் கதை எழுதறதுக்குன்னே ஒரு எம்.ஏ. ரெண்டு வருஷம். சனி ஞாயிறு ஆன்லைன்ல வகுப்பு, மூணு மாசத்துக்கு ஒரு வாட்டி பத்து நாள் நேர்ல போகணும். எந்த டிகிரியா இருந்தாலும் சரி, தாய்மொழியில எழுதினாலும் சரி. மொத்தம் இருபது சீட்டு.

“கதை எழுத எம்.ஏ.வா? இன்னாம்மா கூத்து இது?”

“ஷூ தைக்கவே டிப்ளமோ இருக்குது பாய். புள்ளைங்களுக்குக் கதை எழுத ஒரு படிப்பு இருக்கக் கூடாதா?”

கல்யாணத்துக்கு அப்புறம் தபால்ல பி.ஏ. தமிழ் முடிச்சவ அவ. அந்த அப்ளிகேஷனும் நான் போட்டதுதான்.

அன்னிலேர்ந்து தயாராக ஆரம்பிச்சா பாருங்க, ஐ.ஏ.எஸ்.ஸுக்குப் படிக்கிறவன் தோத்தான். சமீபத்துல வந்த சிறுவர் புத்தகம் பத்து படிச்சிட்டு ஒவ்வொண்ணைப் பத்தியும் அரைப் பக்கம் எழுதணும்னு இருந்துச்சு. சனிக்கிழமை சாயங்காலம் லைப்ரரிக்குப் போய் குழந்தைங்க பகுதியில அந்தச் சின்ன நாற்காலியில முட்டியை மடக்கி உக்காந்துக்குவா. லைப்ரரிக்காரர் ரெண்டு வாரம் பொறுத்துப் பார்த்துட்டு, ‘உங்க புள்ள எங்கம்மா, இன்னும் வரலியா?’ன்னு கேட்டாராம். ‘நான்தான் சார் புள்ள’ன்னு சொல்லியிருக்கா. கம்பெனி பஸ்ஸுல போகும்போதும் வரும்போதும் படிப்பு. சாப்பாட்டு நேரத்துல எழுத்து. கணக்கு முடிஞ்சு தூக்கிப் போடற செக்கிங் சீட்டு இருக்குதுல்ல, அதோட பின்பக்கம் பூரா இவ கதைதான்.

அவ புருஷன் பரணிதரனும் அதே கம்பெனியிலதான், வேற ரூட்டு பஸ்ஸுக்கு டிரைவர். நல்ல மனுஷன், வாய்தான் ஜாஸ்தி. “என் வொய்ஃபு பெங்களூர்ல எம்.ஏ. படிக்கப் போவுது”ன்னு டீக்கடையில, பெட்ரோல் பங்க்ல, ஸ்டாப்பிங்குக்கு ஸ்டாப்பிங் அறிவிச்சிட்டான். இன்னும் அப்ளிகேஷனே போடல! அவ எழுதற நாள்ல அவனே சோறாக்கி ரசம் வைப்பான். அந்த ரசத்தை நான் ஒரு நாள் குடிச்சேன். அதைப் பத்தி இங்க வேணாம்.

மே மாசம் வந்துச்சு. அக்கினி நட்சத்திர வெயில். பாலாத்து மணல்ல முட்டையை வச்சா அவிஞ்சிடும். என் கடையில ஃபேன் சுத்துது, காத்து மட்டும் வரல. சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சு பசை வாசனையோட வந்து உக்காருவா எழிலரசி. ஃபாரத்தை ஒவ்வொரு கட்டமா நிரப்பினோம். ‘இந்தப் படிப்பில் ஏன் சேர விரும்புகிறீர்கள்’னு ஒரு கட்டம். எனக்கு இதெல்லாம் ஜுஜுபி. நர்சிங் புள்ளைங்களுக்கு வச்சிருக்கிறதை எடுத்து ஒட்டிட்டேன். அவ ஸ்கிரீன்ல குனிஞ்சு படிச்சா.

“பாய், ‘சிறு வயது முதலே நோயாளிகளுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் கனவு’ன்னு போட்டிருக்கீங்களே. எந்த நோயாளி பாய்?”

“அட, கதை படிக்கிறவனைப் போட்டுக்கலாம்மா அந்த எடத்துல.”

“அழிங்க பாய் மொதல்ல.” அழிச்சிட்டு அவளே எழுதினா. “தினமும் நானூறு புள்ளைங்க ஷூவுக்குள்ள விரலை விட்டுப் பார்க்கிறேன். அந்தப் புள்ளைங்களுக்குக் கால் இருப்பது தெரியும். மத்தபடி அவர்களைப் பத்தி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வருகிறேன்.” அவ்ளோதான்.

கடைசிக் கட்டத்துலதான் வில்லங்கம். சாதாரணமா அந்த எடத்துல அரசு அதிகாரி கையெழுத்து கேப்பான், பச்சை மை கேப்பான். இவனுங்க கேட்டது வேற. ‘நீங்கள் எந்த வயதினருக்காக எழுதுகிறீர்களோ அந்த வயதுடைய ஒரு வாசகரோ வாசகியோ உங்கள் கதையைப் படித்துவிட்டு, உங்களை ஏன் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பக்கம் கைப்பட எழுத வேண்டும். பெரியவர்கள் திருத்தக் கூடாது.’ இது இல்லாத விண்ணப்பம் செல்லாதாம்.

“என் பொண்ணு எழுதுவா பாய்,” அப்படின்னா எழிலரசி. “வாலாஜாபேட்டையில அத்தை வீட்டுக்குப் போயிருக்கா. வெள்ளிக்கிழமை வந்துடுவா. திங்கக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்குதுல்ல?”

அவ பொண்ணு பூர்ணிமாவுக்குப் பதினாறு வயசு. பிளஸ் ஒன் முடிச்சு பிளஸ் டூ போகப் போற புள்ள. நல்லாப் படிப்பா, கோவம் மூக்கு மேல நிக்கும்.

அந்த வாரம் பூரா நான் அந்தக் கதையை டைப் அடிச்சேன். இருபது பக்கம். ஒரு பொண்ணு, ஸ்கூல்ல இலவச சைக்கிள் குடுக்குறாங்க. அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. பதினாறு வயசுல தெரியாதுன்னு சொல்ல வெக்கம். அதனால தெனம் ஸ்பெஷல் கிளாஸ்னு பொய் சொல்லிட்டு எல்லாருக்கும் முன்னாடி கிளம்பி, ரெண்டு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கினே போறா. யாராவது பார்த்துக் கேட்டா ‘பங்ச்சர்’. பொய் சொல்றது உறுத்துதுன்னு, தெருமுனை தாண்டினதும் ஹேர்பின்னால வால்வை அமுக்கி அவளே காத்தை இறக்கிட்டு, அப்புறம் ‘பங்ச்சர்’னு சொல்றா! அவ அப்பன் தெனம் சாயங்காலம் காத்தடிச்சிட்டு, கவர்மென்ட்டு டியூபைத் திட்டறான். பங்ச்சர் கடைக்காரன் டியூபைத் தண்ணியில முக்கி முக்கிப் பார்க்கிறான், ஒரு கொப்புளம் வரல. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி. கடைசியில அந்தப் பொண்ணோட அம்மா வேலைக்குப் போற பஸ்ஸுல இருந்து பார்த்துடறா. பஸ்ஸை நிறுத்தி, குதிச்சு இறங்கி, பொண்ணுக்குப் பின்னாடியே கேரியரைப் புடிச்சிக்கினு ஓடி, சைக்கிள் கத்துக் குடுத்துடறா. சுபம்.

வியாழக்கிழமை மதியம் சாப்பிடும்போது இந்தக் கதையை என் வீட்டுக்காரி சைராகிட்ட நடிச்சே காட்டிட்டேன். நான் செஞ்ச தப்பு அதான். அவ சோத்துல கையை வச்சபடியே கேட்டா.

“ஏங்க, போன வருஷம் பரணி ரெண்டு டியூப் மாத்தினாரே, ஆபித் பாஷா பங்ச்சர் கடையில சண்டை கூட ஆச்சே. ஓட்டையே இல்லாத டியூபுக்கு ஒட்டு போடச் சொல்றான்னு.”

நான் அவளைப் பார்த்தேன். அவ என்னைப் பார்த்தா.

“யா அல்லா,” அப்படின்னா சைரா. “இது நம்ம பூர்ணிமா!”

“ஏய், வெளிய மூச்சு விடாத.”

“நான் எதுக்குங்க விடப் போறேன்?”

வெள்ளிக்கிழமை காலையில தண்ணி லாரி வந்துச்சு. பூர்ணிமா அப்பதான் வாலாஜாவிலேர்ந்து வந்து இறங்கி, குடத்தோட நின்னுக்கினு இருக்கா. சுத்தி அஞ்சாறு பொம்பளைங்க. என் வீட்டுக்காரி சிரிச்சிக்கினே, ஆசையாதான், கெட்ட எண்ணம் கெடையாது, கேட்டுட்டா: “இன்னாடி பூர்ணி, இந்த வருஷமாவது சைக்கிள் மேல ஏறிப் போவியா, இல்ல தள்ளிக்கினுதானா?”

பத்தே நிமிஷம். பூர்ணிமா என் கடையில நிக்கிறா. மூஞ்சி மொளகாப்பழம் மாதிரி சிவந்திருக்கு.

“பாய் மாமா, எங்கம்மா எழுதினதைக் குடுங்க.”

“அது வந்து, பூர்ணி…”

“குடுங்க.”

குடுத்தேன். நின்னபடியே படிச்சா. இருபது பக்கமும். ஆதார் ஜெராக்ஸுக்கு வந்த பெரியவர் ‘தம்பி, என்னுது’ன்னு ரெண்டு வாட்டி கேட்டாரு, எனக்கு மிஷின் பக்கம் கை போகல. படிச்சு முடிச்சா, பேப்பரை நாலா மடிச்சு எடுத்துக்கினா, போய்ட்டா. ஒரு வார்த்தை திட்டியிருந்தா கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

அன்னிக்குச் சாயங்காலம் சைரா பிரியாணியும் கத்திரிக்காயும் டப்பாவுல போட்டு என்கிட்ட நீட்டினா. “போய்க் குடுத்து மன்னிப்பு கேளுங்க.” “கேட்டவ நீ. மன்னிப்பு நானா?” “சொன்னது யாரு?” போனேன்.

எழிலரசி அப்பதான் ஷிப்ட் முடிஞ்சு வந்திருக்கா. செருப்பைக் கூட கழட்டல. பரணி வாசப்படியில உக்காந்து முழிச்சிக்கினு இருக்கான். பூர்ணிமா செவுத்துப் பக்கம் திரும்பி நிக்கிறா.

“என்னைக் கேட்டியாம்மா? ஒரு வார்த்தை?”

“பேரை மாத்திட்டேனே பூர்ணி.”

“பேரை மாத்தினா? டியூபை மாத்தினியா? காத்து எறக்கினதை மாத்தினியா? தெருவே சிரிக்குது.”

பரணிக்கு அப்பதான் மெதுவா ஏறுது. “இரு இரு. காத்தை நீதான் எறக்கினியா? நான் ரெண்டு டியூபு மாத்தினேன்டி! ஆபித் பாஷா சட்டையைப் புடிச்சேன்டி! அவன் இன்னி வரைக்கும் எனக்கு சலாம் சொல்றதில்ல!”

“நீ சும்மா இருப்பா.”

“நான் சும்மாதான் இருந்தேன். காத்தடிச்சிக்கினே சும்மா இருந்தேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. டப்பாவை மூஞ்சிக்கு நேரா புடிச்சிக்கினேன். பூர்ணிமா திரும்பினா. அவ கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு உள்ள போயிடுச்சு.

“அது கூடப் பரவால்லம்மா,” அப்படின்னா. குரல் கீழ இறங்கிடுச்சு. “எப்ப பார்த்த?”

எழிலரசி குனிஞ்சு செருப்பைக் கழட்டினா.

“எப்ப பார்த்தன்னு கேக்கறேன்.”

“ஆகஸ்ட்டுல. ரயில்வே பாலத்துகிட்ட. ஜன்னல்ல இருந்து.”

“நான் அரைப் பரீட்சை வரைக்கும் தள்ளினேன், அப்புறம்தான் சைக்கிளே வேணாம்னு விட்டேன். அப்போ நாலு மாசம் தெனமும் பார்த்துக்கினே போயிருக்க. கதையில குதிச்சு இறங்குதே ஒரு அம்மா, யாரும்மா அது? எனக்குத் தெரிஞ்ச அம்மா இறங்கலியே.”

நான் பிரியாணி டப்பாவை வாசப்படியில வச்சிட்டு, மன்னிப்பும் கேக்காம, ஓசைப்படாம வந்துட்டேன். கோழைன்னு சொல்லுங்க. ஒத்துக்கறேன்.

சனிக்கிழமை காலையில கடையைத் திறக்கறேன், பூர்ணிமா வந்து அந்த இருபது பக்கத்தை மேசை மேல வச்சா. “அம்மாகிட்ட குடுத்துடுங்க. எங்க வீட்டுல பேச்சுவார்த்தை இல்ல.” பக்கம் பூரா செவப்பு. அவ அம்மா பையில இருந்த அம்பு ஸ்டிக்கரை எடுத்துக் கதையில ஒட்டி, சிலதுக்குப் பக்கத்துல குட்டியா எழுதியும் வச்சிருக்கா! எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொண்ணு. போச்சுடா, எழிலரசி பெங்களூர் போன மாதிரிதான்னு நெனச்சேன்.

சாயங்காலம் எழிலரசி வந்தா. மூஞ்சியில தூக்கமே இல்ல. காயிதத்தை நீட்டினேன். மேல இருந்த அம்பைப் பார்த்ததும் கீழ வச்சிட்டா.

“விடுங்க பாய். அனுப்ப வேணாம். அம்பு ஒட்டினது போகாது.”

“அட, ஷூவும் இதுவும் ஒண்ணாம்மா? சைக்கிளை எடுத்துட்டு ஸ்கூட்டின்னு போட்டுடலாம். பொண்ணைப் பையனாக்கிடலாம். அஞ்சே நிமிஷம், நான் மாத்தித் தர்றேன். லெட்டருக்கு எங்க அக்கா பொண்ணு இருக்குது, சொன்னதை எழுதும்.”

“அறிவு இருக்குதா பாய் உங்களுக்கு?”

பதினஞ்சு வருஷத்துல கடைக்குள்ள வந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல. கேக்க வேண்டிய கேள்விதான்.

“அஞ்சு மாசம் கஷ்டப்பட்டிருக்கம்மா,” அப்படின்னேன். “எனக்கே மனசு கேக்கல. நான் வாயை வச்சிக்கினு சும்மா இருந்திருந்தா…”

“உங்களாலன்னு இல்ல பாய். லாரிகிட்ட இல்லன்னா வேற எங்கயாவது தெரிஞ்சிருக்கும். அவகிட்ட நான் கேட்டிருக்கணும். கேட்டா வேணாம்னு சொல்லிடுவாளோன்னு பயம். அதான் கேக்கல.” சொல்லிட்டு மூக்கை உறிஞ்சினா. “ஆசை பாய். இந்தப் படிப்பு மேல அப்படி ஒரு ஆசை எனக்கு.”

டீ சொன்னேன். டீ வர்ற வரைக்கும் கை சும்மா இருக்கல அவளுக்கு, பக்கத்தைத் திருப்பினா. ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்புறம் திரும்ப முதல்லேர்ந்து. ஷூவைப் பார்க்கிற மாதிரியே, பக்கத்தை வெளிச்சத்துக்குத் தூக்கி.

“பாய். இங்க பாருங்க.”

“இன்னா?”

“பதினாறு பக்கம் வரைக்கும் மூணே அம்பு. ஒண்ணு, ஹேர்பின்னு இல்ல, சேஃப்டி பின்னுன்னு. ஒண்ணு, டீச்சர் பேரு உண்மையான பேரு, மாத்துன்னு. இன்னொண்ணு, பாலத்துகிட்ட அவ அழுவலியாம், வேர்வையாம். காத்தைப் புடுங்கற எடத்துல ஒட்டல. ஆபித் பாஷா கடையில ஒட்டல. வெக்கப்பட்டுக்கினு ஸ்கூல் பின்பக்கமா ஒளிஞ்சு நிக்கிற எடத்துல கூட ஒட்டல.”

“அப்போ மீதி?”

“மீதி இருபத்தெட்டும் கடைசி நாலு பக்கம். அம்மா பஸ்ஸை விட்டு இறங்கறதுலேர்ந்து.” பேப்பரைத் தட்டினா. “கம்பெனியில ஒரே எடத்துல இத்தினி அம்பு விழுந்தா, நாங்க தையக்காரியைத் திட்ட மாட்டோம் பாய். போய் மிஷினைப் பார்ப்போம். மிஷின்லதான் கோளாறு.”

“இன்னா கோளாறு?”

“நான் இறங்கல. இறங்கின மாதிரி எழுதிக்கினேன்.”

“ஏம்மா இறங்கல?”

“பஸ்ஸுல அறுபது பேரு பாய். நிறுத்துங்கன்னு நான் ஒரு குரல் குடுத்தா, அறுபது தலையும் வெளிய எட்டிப் பார்க்கும். யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதானே அந்தப் புள்ள அவ்ளோ பாடுபடுது. அதனால தெனம் அந்தப் பாலம் வர்றப்ப டிபன் பாக்ஸ் விழுந்த மாதிரி குனிஞ்சிக்குவேன். நான் பார்த்துட்டேன்னு அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு. நாலு மாசமும் குனிஞ்சேன். பக்கத்து சீட்டு கோவிந்தம்மாள், ‘உனக்கு மட்டும் எப்பிடி இந்த எடத்துலயே தெனமும் டப்பா விழுது’ன்னு கேட்டுக்கினே இருப்பா.”

டீ வந்துச்சு. அவ குடிக்கல. நாலு பக்கத்தைப் பையில போட்டுக்கினு எழுந்துட்டா.

ஞாயித்துக்கிழமை பூரா எழுதினா. பரணி அன்னிக்கும் ரசம் வச்சிருக்கான். தெரு வரைக்கும் பூண்டு வாசனை. மத்தியானத்துல ஆபித் பாஷா கடைக்குப் போய் ‘என் மேலதான் தப்பு தோஸ்த்து’ன்னு கட்டிப் புடிச்சிருக்கான். ஆபித் பாஷா, “டியூப்ல ஓட்டை இல்லன்னு அன்னிக்கே தலையால அடிச்சிக்கினேனே!”ன்னு திரும்பவும் ஒரு அரை மணி நேரம் சண்டை போட்டுட்டு, அப்புறம் டீ வாங்கிக் குடுத்தாராம்.

திங்கக்கிழமை எழிலரசி அரை நாள் லீவு போட்டுட்டு ஒரு மணிக்கு வந்தா. புதுசா எழுதின நாலு பக்கத்தை டைப் அடிச்சேன். இந்த வாட்டி சிரிப்பு வரல. பிரிண்ட் எடுத்தேன். கரெக்டா அந்த நேரத்துல கரண்ட் போச்சு. மணி ரெண்டு. வெளிய தார் ரோடு உருகுது. இன்வெர்ட்டர் ஒரு மணி நேரம் தாங்கும், அதுக்கு மேல அல்லா விட்ட வழி.

“யாரு கொண்டு போய் குடுக்கறது?” அப்படின்னேன். “உங்க வீட்டுலதான் பேச்சுவார்த்தை இல்லியே.”

“நீங்கதான் பாய்.”

போனேன். பூர்ணிமா சமையல்கட்டுல தரையில உக்காந்து மாங்காய் நறுக்கிக்கினு இருந்தா. மொதல்ல மன்னிப்பைக் கேட்டேன். எனக்கும் சைராவுக்கும் சேர்த்தே கேட்டேன்.

“சும்மா கேட்டா ஆச்சா மாமா?” அப்படின்னா.

“இன்னா செய்யணும் சொல்லு.”

“பிளஸ் டூ முடியற வரைக்கும் எனக்கு ஜெராக்ஸ் இலவசம். கலரும்.”

“கலருமா?”

“கலரும்.”

ஒத்துக்கினேன். கையைக் கழுவிட்டு நாலு பக்கத்தை வாங்கினா. நான் மாங்காத் துண்டு ஒண்ணை எடுத்து உப்புல தொட்டுக்கினு அவ மூஞ்சியையே பார்த்துக்கினு இருந்தேன். மூணாவது பக்கத்துல நின்னுட்டா. அதே பக்கத்தைத் திரும்பப் படிச்சா. அப்புறம் மெதுவா கேட்டா:

“மாமா, டிபன் பாக்ஸு நெஜமா?”

“கோவிந்தம்மாளைக் கேளு. அவளுக்கு இன்னும் வெளங்கல.”

உதட்டைக் கடிச்சிக்கினா. நோட்டுலேர்ந்து ஒரு பேப்பர் கிழிச்சா. “நீங்க போங்க. எழுதி எடுத்துக்கினு வர்றேன். பெரியவங்க பார்க்கக் கூடாதுன்னு போட்டிருக்கில்ல?”

“திருத்தக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு.”

“போங்க மாமா.”

மூணே காலுக்குக் கரண்ட் வந்துச்சு. நாலு மணி ஆச்சு. எழிலரசி ஸ்டூல்ல உக்காந்து சேலை முந்தியை முறுக்கிப் பிரிக்கிறா, முறுக்கிப் பிரிக்கிறா. நாலு இருபதுக்கு பூர்ணிமா வந்தா. அம்மாவைப் பார்க்காம லெட்டரை என்கிட்ட நீட்டினா. ஸ்கேன் பண்ணணும்னா பார்த்துதானே ஆகணும்? ஸ்கிரீன்ல பெருசா வந்து நின்னுச்சு. எழிலரசியும் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னாடி நின்னா. பூர்ணிமா தடுக்கல. ரோட்டைப் பார்த்துக்கினு நின்னுட்டா.

‘வணக்கம். என் பெயர் பூர்ணிமா. வயது பதினாறு. இந்தக் கதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் பெண் நான்தான். எனக்கு இன்றுவரை சைக்கிள் ஓட்டத் தெரியாது. எழுதியவர் என் அம்மா. என்னைக் கேட்காமல் எழுதினார். அதனால் நான் அவரோடு மூன்று நாள் பேசவில்லை. முதலில் எழுதியபோது கடைசியில் பொய் இருந்தது. நான் காட்டினேன். அவர் சண்டை போடாமல் மாற்றினார். எங்கள் வயதில் இருப்பவர்கள் சொல்லிப் பெரியவர்கள் எதையும் மாற்றி நான் பார்த்ததில்லை. இப்போது அந்த அம்மா பஸ்ஸில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அதைப் படித்தபோதுதான், நாலு மாதம் நான் தனியாகத் தள்ளவில்லை என்று தெரிந்தது. இவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இவருக்குக் கதை எழுதத் தெரிகிறது. கேட்டுவிட்டு எழுதத்தான் தெரியவில்லை. அதை முதல் வருடமே சொல்லிக்கொடுங்கள்.’

எழிலரசிக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது, ரெண்டையும் ஒரே முந்தியில தொடைக்கிறா. நான் லெட்டரை ஏத்தினேன். எல்லா கட்டமும் பச்சை டிக். மவுஸ் என் கையில. நாலு முப்பத்தஞ்சு.

“அழுத்தட்டுமாம்மா?”

“இருங்க பாய்.” என் கையைத் தட்டி விட்டுட்டா. திரும்பினா. “பூர்ணி.”

பூர்ணிமா ரோட்டைப் பார்த்தபடியே, “ம்?”

“அனுப்பட்டா?”

ஒரு ஷேர் ஆட்டோ போச்சு. ஒரு லோடு வண்டி போச்சு. கடியாரம் நாப்பதுக்குப் போகுது. ‘சொல்லித் தொலையேன்டி’ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. எழிலரசி மட்டும் அசையல. நாலு மாசம் குனிஞ்சவளுக்கு அஞ்சு நிமிஷம் நிமிந்து நிக்கிறது ஒரு பெரிய விஷயமான்னு நின்னா.

“அப்பவே கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்,” அப்படின்னா பூர்ணிமா.

“தெரியும். இப்ப வேணாம்னு சொன்னாலும் சரிதான். பாய் எல்லாத்தையும் அழிச்சிடுவாரு.”

நான் பதறிட்டேன். ஆனா வாயைத் திறக்கல. வாழ்க்கையில முதல் வாட்டி.

பூர்ணிமா உள்ள வந்தா. அம்மா பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தா.

“அனுப்பும்மா.”

எழிலரசியே அழுத்தினா.

ஜூன் கடைசியில சீட்டு கெடச்சிடுச்சு. பரணி திரும்பவும் ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா சொல்லி, இந்த வாட்டி மக்கன் பேடா இனிப்பும் குடுத்தான். ஜூலையில முதல் பத்து நாளுக்கு எழிலரசி பெங்களூர் போய்ட்டு வந்துட்டா. எனக்கு மட்டும் இந்தக் கதையை யார்கிட்டயாவது சொல்லணும்னு ஒரே அரிப்பு. பட்ட பாட்டை மறக்க முடியுமா? நேரா பூர்ணிமாகிட்ட போனேன். கலர் ஜெராக்ஸ் நாப்பது பக்கம் எடுத்துக்கினு இருந்தா.

“பூர்ணி, இதை நான் வெளிய சொல்லலாமா?”

ஒரு வாரம் காக்க வச்சா. நேத்திக்குத்தான் சொன்னா: “சொல்லுங்க மாமா. ஆனா உங்க தப்பை முதல்ல சொல்லிட்டு ஆரம்பிங்க.”